கல்யாண கார்டு வசனத்துல "விசுவாசம்"னு போடணுமா, "நம்பிக்கை"னு போடணுமா?

நாஞ்சில்_டிடிபி:

எல்லாருக்கும் வணக்கம். நாகர்கோவில் பக்கம் ஒரு சின்ன பிரஸ்ல டிடிபி பாக்குறேன். கல்யாண கார்டு, பில் புக், கண்ணீர் அஞ்சலி போஸ்டர், இதான் தினமும். இப்ப ஒரு சிக்கல்ல மாட்டிக்கிட்டேன், விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஒரு கல்யாண கார்டு வந்திருக்கு, பொண்ணு வீடு ஆர்.சி. (கத்தோலிக்கர்), மாப்பிள்ளை வீடு சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டன்ட் சபை). மேல ஒரு பைபிள் வசனம் போடணும்னு பொண்ணோட அப்பா எழுதிக் குடுத்தாரு. 1 கொரிந்தியர் 13:13. "நம்பிக்கை, எதிர்நோக்கு, அன்பு" இந்த மூணும் நிலைச்சிருக்கும், அதுல அன்புதான் பெருசுன்னு வரும். நான் அப்படியே டைப் பண்ணி ப்ரூஃப் குடுத்தேன். மாப்பிள்ளை வீட்டுல இருந்து ஒரு பெரியவர் வந்து சிவப்பு பேனாவால அடிச்சு "விசுவாசம், நம்பிக்கை, அன்பு"ன்னு திருத்திட்டுப் போயிட்டாரு. நானும் ஸ்பெல்லிங் மிஸ்டேக் போலன்னு மாத்திட்டேன். அத பாத்த பொண்ணோட அப்பா, நான் எழுதிக் குடுத்தத யாரு மாத்துனதுன்னு போன்ல ஒரே சத்தம்.

எனக்கு கோவில் கொடை நோட்டீஸ்னா தூக்கத்துல அடிப்பேன், பைபிள் பத்தி ஒண்ணும் தெரியாது. ஆனா ஒரு விஷயம் மண்டைய கொடையுது. ரெண்டு பேர் லிஸ்ட்லயும் "நம்பிக்கை" இருக்கு. ஒருத்தருக்கு அது முதல் இடத்துல, இன்னொருத்தருக்கு ரெண்டாவது இடத்துல. அப்ப ரெண்டும் ஒரே நம்பிக்கையா, இல்ல வேற வேறயா? இங்கிலீஷ்ல பாத்தா ஃபெயித், ஹோப், லவ்னு இருக்கு. ஃபெயித்னா விசுவாசமா நம்பிக்கையா? நாய்க்குதானே விசுவாசம்னு சொல்லுவோம்?

500 கார்டு, வெள்ளிக்கிழமை டெலிவரி.

மஞ்சப்பை:

ஆளுக்கு 250 அடிச்சுக் குடுங்க தல, முடிஞ்சது. 😀

பாளை_வேதக்கோயில்:

சிரிப்பா இருந்தாலும் இது பழைய சண்டைதான் தம்பி, உங்க மேல தப்பே இல்ல. ரெண்டு பேரும் சரியாத்தான் எழுதியிருக்காங்க, வேற வேற பைபிள பாத்து எழுதியிருக்காங்க அவ்வளவுதான்.

நாங்க சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே எல்லாம் இன்னிக்கும் கையில வச்சிருக்கிறது 19ஆம் நூற்றாண்டுல வந்த பழைய மொழிபெயர்ப்பு. அதுல ஃபெயித்துக்கு விசுவாசம், ஹோப்புக்கு நம்பிக்கை. கத்தோலிக்கர் 1995ல இருந்து படிக்கிறது "திருவிவிலியம்"னு ஒரு பொது மொழிபெயர்ப்பு. அதுல வடமொழி வார்த்தைய கொறச்சு தமிழாக்கணும்னு விசுவாசத்த எடுத்துட்டு நம்பிக்கைய போட்டாங்க. இப்ப நம்பிக்கை ஃபெயித்துக்கு போயிட்டதால ஹோப்புக்கு சீட் காலி. அதுக்கு "எதிர்நோக்கு"ன்னு ஒரு வார்த்தைய கொண்டு வந்து உக்கார வச்சாங்க. பஸ்ல ஒருத்தர் நகந்து உக்காந்தா வரிசையா எல்லாரும் நகரணும்ல, அந்த கதைதான்.

அதனால உங்க கேள்விக்கு பதில்: ரெண்டு "நம்பிக்கை"யும் வேற வேற. பொண்ணு வீட்டு நம்பிக்கை ஃபெயித். மாப்பிள்ளை வீட்டு நம்பிக்கை ஹோப்.

எங்களுக்கு விசுவாசம்னா சும்மா "கடவுள் இருக்கார்"னு ஒத்துக்கிறது மட்டும் இல்ல. சாத்தானும்தான் கடவுள் இருக்கார்னு நம்புறான்னு எங்க ஐயர் (சபை போதகர்) அடிக்கடி சொல்லுவாரு, அது பைபிள்லயே யாக்கோபு நிருபத்துல இருக்குற விஷயம். ஆள ஒப்புக்குடுக்கணும், அதுக்குப் பேருதான் விசுவாசம். நம்பிக்கைங்கிற வார்த்தையில அந்த கனம் எனக்கு வரல. "நாளைக்கு மழை வரும்னு நம்புறேன்"னு சொல்றோம், "விசுவாசிக்கிறேன்"னு சொல்லுவோமா?

அப்புறம் நாய் விஷயம். எங்க சபையில ஆராதனைக்கு வர்றவங்களே "விசுவாசிகள்"தான். வெளியாள் காதுல அது கட்சித் தலைவருக்கு விசுவாசின்னு சொல்ற மாதிரி கேக்கும், என்ன பண்றது.

அந்தோணியார்_கொடிமரம்:

மேல அண்ணன் சொன்னது சரி, ஆனா பாதிதான். கத்தோலிக்கர்னாலே நம்பிக்கை, எதிர்நோக்குன்னு நினைச்சிராதீங்க. எங்க பாட்டி செபமாலை சொல்லும்போது ஆரம்பத்துல மூணு அருள்நிறை மந்திரம் வரும், மூணுக்கும் தனித்தனியா ஒரு கருத்து. முதல்ல "விசுவாசமென்கிற புண்ணியம்", அடுத்து "நம்பிக்கையென்கிற புண்ணியம்", அடுத்து "தேவசிநேகமென்கிற புண்ணியம்" எங்களுக்கு உண்டாகணும்னு வேண்டுவாங்க. அப்படியே மாப்பிள்ளை வீட்டு வரிசை, கடைசியில அன்புக்கு பதிலா தேவசிநேகம், அவ்வளவுதான். பழைய கத்தோலிக்கத் தமிழ்ல விசுவாசம் நல்லாவே இருந்துச்சு. பாட்டி "விசுவாச மந்திரம்"னு சொல்றத பேத்தி "நம்பிக்கை அறிக்கை"ன்னு சொல்றா, ஒரே கோயில், ஒரே பெஞ்சு.

எதிர்நோக்கு முதல்ல எனக்கும் செட் ஆகல. பஸ்ஸ எதிர்நோக்கி நிக்கிற மாதிரி இருந்துச்சு. 2025 ஜூபிலி வருஷத்துக்கு "எதிர்நோக்கின் திருப்பயணிகள்"னு ஊரெல்லாம் பேனர் கட்டினப்புறம் பழகிருச்சு. இப்ப எங்க பசங்களுக்கு அதான் நார்மல்.

ஆனா அண்ணன் "கனம் இல்ல"ன்னு சொன்னத ஒத்துக்க மாட்டேன். கனம் வார்த்தையில இல்ல, பழக்கத்துல இருக்கு. எங்க ஊர்ல புதுசா கல்யாணம் ஆகி வந்த ஒரு சி.எஸ்.ஐ. அக்கா முதல் தடவை பூசைக்கு வந்துட்டு "நம்பிக்கை நம்பிக்கைன்னு சாமியார் சொல்றாரு, எல்லாமே ஹோப் பத்தியே பேசுறாரேன்னு நினைச்சேன்"னாங்க. அவங்க காதுல பிரசங்கம் முழுக்க வேற அர்த்தத்துல ஓடியிருக்கு!

ஒரு ஐடியா. பொண்ணு வீட்டுல வயசான பாட்டி யாராவது இருந்தா செபமாலை ஆரம்பத்துல என்ன சொல்லுவாங்கன்னு அவங்க அப்பாவ கேக்கச் சொல்லுங்க.

நாஞ்சில்_டிடிபி:

ஐயோ நான் வசனத்த கேட்டேன், நீங்க 100 வருஷ கதைய அவுத்து விட்டுட்டீங்க. நல்லாத்தான் இருக்கு, மெஷின் ஓடுற சத்தத்துல படிச்சிட்டு இருக்கேன். பாட்டி ஐடியா சூப்பர், கேக்குறேன்.

ஒரு டவுட். எங்க கஸ்டமர் ஒருத்தர் பாறசாலைக்காரர், மலையாளி. அவர் எல்லாத்துக்கும் "விஸ்வாசம்"ங்கிறாரு, சாமிய பத்தி பேசினாலும் சரி, சீட்டு போடுறவன பத்தி பேசினாலும் சரி. அங்க அது சர்ச் வார்த்தை இல்லையா?

கரும்பலகை:

தமிழாசிரியரா இருந்து ரிட்டயர் ஆனவன், கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கங்க.

மலையாளத்துல விஸ்வாசம் சாதாரண வார்த்தை. டிவில ஒரு நகைக்கடை விளம்பரம் வருமே, மலையாளத்துல "விஸ்வாசம், அதல்லே எல்லாம்", அதையே தமிழ்ல "நம்பிக்கை, அதானே எல்லாம்"னு மாத்தினாங்க. விளம்பரம் எழுதினவருக்கு தெரிஞ்சிருக்கு, தமிழ்ல "விசுவாசம், அதானே எல்லாம்"னு போட்டா ஜனங்க வீட்டு நாயத்தான் நினைப்பாங்கன்னு. தமிழ்ல அந்த வார்த்தை ரெண்டு மூலையில ஒதுங்கிருச்சு. ஒரு மூலை சர்ச், இன்னொரு மூலை எஜமான், கட்சி, நாய். அதாவது கீழ இருக்கிறவன் மேல இருக்கிறவனுக்கு காட்டுறது. முதலாளி தொழிலாளிக்கு விசுவாசமா இருந்தார்னு யாராவது சொல்லிக் கேட்டிருக்கீங்களா?

வார்த்தைய பிரிச்சுப் பாருங்க, வி + சுவாசம். உள்ள இருக்கிறது நம்ம மூச்சுதான். வடமொழியில நிம்மதியா மூச்சு விடுறது, பயம் இல்லாம இருக்கிறது, அதுல இருந்து ஒருத்தர நம்புறதுன்னு அர்த்தம் வந்துச்சு. யார் பக்கத்துல இருந்தா மூச்சு சீரா வருதோ அவங்க மேல விசுவாசம். எனக்கு இது ரொம்ப பிடிக்கும்.

நம்பிக்கை கதை இன்னும் சுவாரசியம். தொல்காப்பியம் உரியியல்ல ஒரு வரி, "நம்பும் மேவும் நசையா கும்மே". நசைன்னா விருப்பம், ஆசை. அப்ப "நம்பு"ங்கிறதுக்கு தொல்காப்பியர் குடுக்குற அர்த்தம் ஒருத்தர விரும்புறது! உண்மையா பொய்யான்னு எடை போடுற சமாச்சாரமே அதுல இல்ல. அதனால நம்பிக்கையில கனம் இல்லன்னு பாளைக்காரர் சொன்னத நானும் ஒத்துக்கல, அந்த வார்த்தையோட அடியிலேயே அன்பு கிடக்கு.

சரி, எடை போட்டு நம்புறதுக்கு பழைய வார்த்தை என்னன்னா, தெளிதல், தேறுதல். குறள்ல 51ஆம் அதிகாரம் "தெரிந்துதெளிதல்". யாரை வேலைக்கு நம்பி வைக்கலாம்ங்கிறதுதான் விஷயம்.

"தேறற்க யாரையும் தேராது தேர்ந்தபின்
தேறுக தேறும் பொருள்"

ஆராயாம யாரையும் நம்பாத, ஆராஞ்சப்புறம் நம்ப வேண்டியத நம்பு. அடுத்த குறள்ல இன்னும் ஒரு படி மேல, ஆராயாம நம்புறதும் தீராத துன்பம், ஆராஞ்சு நம்பினவன் மேல பின்னால சந்தேகப்படுறதும் தீராத துன்பம்னு ரெண்டு பக்கமும் கதவ சாத்திடுறார். தண்ணி கலங்கல் அடங்கி தெளியிற மாதிரி மனசு தெளியிறதுதான் அங்க நம்பிக்கை. பாத்து தெளியிறது. இப்ப ஃபெயித்னா கண்ணால பாக்காதத நம்புறதுங்கிறாங்க, வள்ளுவர் சொல்ற தெளிவுக்கு அது நேர் எதிர் திசை. ஆனா அவர் பேசுறது அமைச்சன் அதிகாரி பத்தி, சாமிய பத்தி இல்ல, அதையும் சொல்லிடணும்.

இன்னொண்ணு, வடமொழியில ஃபெயித்துக்கு "சிரத்தை"ன்னு ஒரு வார்த்தை. கீதை 17ஆம் அத்தியாயம் முழுக்க மூணு வகை சிரத்தை பத்திதான். அது தமிழுக்கு வந்து என்ன ஆச்சு? "சிரத்தையா படிடா"ன்னு கவனம், அக்கறைன்னு ஆயிடுச்சு. வருஷா வருஷம் குடுக்கிற சிராத்தமும் அதே சிரத்தையில இருந்து வந்ததுதான். வகுப்புல "சிரத்தை இல்ல"ன்னு நான் திட்டின பசங்க எல்லாம் நாத்திகர்னு அர்த்தம் ஆகுமான்னு யோசிச்சா சிரிப்பு வருது.

கருஞ்சட்டை_82:

இவ்வளவு ஆராய்ச்சி எதுக்குங்க. ஃபெயித்னா தமிழ்ல மூடநம்பிக்கை. முன்னால ரெண்டெழுத்து சேத்தா சரியா வரும்.

அந்தோணியார்_கொடிமரம்:

@கருஞ்சட்டை_82 தோழர், அந்த ரெண்டெழுத்த எடுத்துட்டு "தன்" போட்டா தன்னம்பிக்கை, அது ஓகேவா? அதுக்கும் ஆதாரம் ஒண்ணும் கிடையாதே. பரீட்சைக்கு படிக்காமலே தன்னம்பிக்கையோட போனவன் நான். 😀

கருஞ்சட்டை_82:

ஹாஹா ரிசல்ட் வந்ததும் தெரிஞ்சிருக்குமே. அதான் வித்தியாசம், தன்னம்பிக்கைக்கு ரிசல்ட் வரும்.

சீரியஸா ஒண்ணு சொல்றேன். நம்ம ஊர்ல யாரும் யாரையும் "உனக்கு சாமி மேல நம்பிக்கை இருக்கா"ன்னு சாதாரணமா கேக்கறதே இல்ல. "சாமி கும்பிடுவீங்களா?"ன்னுதான் கேப்பாங்க. நான் கும்பிட மாட்டேன்னு சொன்னா அத்தோட விட்டுடுவாங்க. உள்ள என்ன நம்புறேன்னு ஒருத்தருக்கும் கவலை இல்ல, திருநீறு வாங்குவியா மாட்டியா, அவ்வளவுதான். எங்க அம்மாவுக்கு நான் நம்பாதது பிரச்சனை இல்ல, குலதெய்வம் கோயிலுக்கு வராததுதான் பிரச்சனை. அதனால ஃபெயித்ங்கிற கேள்வியே நம்ம வீட்டுக்கு வெளியில இருந்து வந்ததோன்னு எனக்கு ஒரு டவுட்.

கீழக்கரை_காத்து:

அஸ்ஸலாமு அலைக்கும், எங்க பக்க கதையும் இதேதான் பாய்.

எங்ககிட்ட ஈமான். அல்லாஹ், மலக்குகள் (வானவர்கள்), வேதங்கள், தூதர்கள், மறுமை நாள், நன்மை தீமை எல்லாம் அவன் விதிச்சபடிங்கிறது, இந்த ஆறையும் ஏத்துக்கிறது ஈமானோட கடமை, மதரஸாவுல சின்ன வயசுலேயே மனப்பாடம். குர்ஆன் தமிழ் மொழிபெயர்ப்ப எடுத்தா ஒண்ணுல "ஈமான் கொண்டவர்களே", ஒண்ணுல "நம்பிக்கை கொண்டோரே", இன்னொண்ணுல "விசுவாசிகளே"ன்னு இருக்கும். மூணும் ஒரே அரபி வார்த்தைதான். வீட்டுல பேசும்போது யாரும் விசுவாசம்னு சொல்ல மாட்டோம், "அவருக்கு ஈமான் பலமா இருக்கு"ன்னுதான் வரும்.

வாத்தியார் ஐயா மூச்சுன்னு சொன்னாருல்ல, ஈமானோட வேர் பாதுகாப்பு, அச்சமில்லாம இருக்கிறது. கிட்டத்தட்ட அதே இடம்! அதே வேர்ல இருந்து வர்றதுதான் அமானிதம். ஒருத்தர் சவுதிக்கு போகும்போது நகைய பக்கத்து வீட்டுல குடுத்து "இது அமானிதம்"னுட்டு போவாரு, ரசீது பத்திரம் ஒண்ணும் கிடையாது. எங்க வாப்பாகிட்ட அப்படி ஒருத்தர் வச்ச மஞ்சள் துணி மூட்டை எங்க பீரோவுல எட்டு வருஷம் கிடந்துச்சு, உள்ள என்ன இருக்குன்னு எங்க உம்மா பிரிச்சுக் கூட பாக்கல. அவர் வந்து வாங்கிட்டு போன அன்னைக்கு வாப்பா விட்ட பெருமூச்சு இருக்கே, விசுவாசம்னா மூச்சுன்னு இப்ப படிச்சதும் அதான் ஞாபகம் வந்துச்சு.

தொழுகையில சொல்ற ஆமீன், சர்ச்ல சொல்ற ஆமென் ரெண்டும் அதே வேர் குடும்பம்தான், அரபியும் எபிரேயமும் பங்காளி பாஷை.

கறுப்புக்கோட்டு:

வக்கீல் ஒருத்தர் இல்லாம த்ரெட் முடியக்கூடாதுன்னு வந்துட்டேன்.

கீழக்கரை பாய் சொன்ன மஞ்சள் மூட்டைய அவங்க வாப்பா அடகு வச்சிருந்தா கோர்ட்ல அதுக்கு பேரு "நம்பிக்கை மோசடி". பேப்பர்ல தினமும் படிக்கிறீங்களே அதான். பழைய ஐபிசில 405, 406. 2024 ஜூலை 1ல இருந்து அதுக்கு பதிலா வந்த பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பிஎன்எஸ்ல 316. ஒப்படைச்ச பொருள நேர்மையில்லாம எடுத்துக்கிறது. ஆரம்பத்துல இருந்தே ஏமாத்துற எண்ணத்தோட வாங்கியிருந்தா அது வேற, அது மோசடி, பழைய 420. கிளையன்ட் எல்லாரும் ரெண்டையும் போட்டு கொழப்பிக்குவாங்க. ஒரு தடவையாவது நிஜமா ஒப்படைப்பு இருந்திருக்கணும், அப்பதான் அத உடைக்க முடியும்.

சட்டத்துல ஃபெயித் இன்னொரு இடத்துல வரும், "குட் ஃபெயித்". தமிழ்ல நல்லெண்ணத்தோடன்னு எழுதுவாங்க. இதுலதான் கூத்து. 1897ல வந்த பொது உட்பிரிவுகள் சட்டம் என்ன சொல்லுதுன்னா, நேர்மையா செஞ்சா போதும், கவனக்குறைவா செஞ்சிருந்தாலும் அது நல்லெண்ணம்தான். ஆனா பழைய ஐபிசி 52, தகுந்த கவனமும் அக்கறையும் இல்லாம செஞ்சது நல்லெண்ணம் ஆகவே ஆகாதுன்னுச்சு. பிஎன்எஸ்லயும் அதே கவனம், அக்கறைதான். ஒரே வார்த்தை, ஒரே நாடு, ரெண்டு சட்டத்துல ரெண்டு அர்த்தம். ஆபரேஷன் பண்ற டாக்டர் "நல்ல மனசோடதான் பண்ணேன்"னு சொன்னா கிரிமினல் கேஸ்ல பத்தாது, கவனமா பண்ணினாரான்னும் பாப்பாங்க. வாத்தியார் சொன்ன சிரத்தை ரெண்டு அர்த்தமும் இங்க கைகோத்து நிக்குது பாருங்க, நம்பிக்கையும் அக்கறையும்.

அப்புறம் சட்டமன்றம், பாராளுமன்றம். நம்பிக்கை வாக்கெடுப்புல இருக்கிற நம்பிக்கைக்கும் மனசுக்கும் சம்பந்தமே இல்ல, கை எண்ணிக்கைதான். 1999 ஏப்ரல்ல வாஜ்பாய் ஆட்சி 269க்கு 270ன்னு ஒரே ஓட்டுல போச்சு. அந்த ஒரு ஓட்டு அளவுக்குத்தான் நம்பிக்கை கொறஞ்சுதுன்னு சொல்ல முடியுமா? பதவி ஏற்கும்போது "இந்திய அரசியலமைப்பின்பால் உண்மையான நம்பிக்கையும் மாறாத பற்றும்"னு சொல்லுவாங்களே, அங்க இங்கிலீஷ்ல ஃபெயித்னுதான் இருக்கு. நீங்க அரசியலமைப்பு "இருக்கு"ன்னு நம்புறேன்னு சொல்லல அங்க. அதுக்கு துரோகம் பண்ண மாட்டேன்னு சொல்றீங்க. அப்ப பாளைக்காரர் சொன்ன விசுவாசம்தான் அங்க சரியான வார்த்தை, ஆனா அப்படி மொழிபெயர்த்திருந்தா நம்ம ஊர் அரசியல்ல காமெடி ஆகியிருக்கும்.

பனங்கிழங்கு:

நான் யாழ்ப்பாணம். உங்கட நம்பிக்கையில்லாத் தீர்மானத்துக்கு எங்கட பாராளுமன்றத்தில பேர் நம்பிக்கையில்லாப் பிரேரணை. நீங்கள் ட்ரஸ்டுக்கு அறக்கட்டளை எண்டு போடுறியள், ட்ரஸ்டிக்கு அறங்காவலர். எங்களுக்கு அது நம்பிக்கைப் பொறுப்பு, நம்பிக்கைப் பொறுப்பாளர். சம்பளத் துண்டில ஊழியர் நம்பிக்கை நிதியம் எண்டு ஒண்டு வரும், ஈ.டி.எஃப். முதன்முதல் வேலைக்குப் போன மாசம் அதைப் பாத்துப்போட்டு என்ரை நம்பிக்கைக்கும் காசு கட்டுறாங்கள் எண்டு பகிடி விட்டனாங்கள்.

அறக்கட்டளை எண்டா குடுக்கிறவற்ரை தருமம் தெரியுது, நம்பிக்கைப் பொறுப்பு எண்டா வாங்கி வச்சிருக்கிறவற்ரை கடமை தெரியுது. எனக்கு எங்கட சொல்லுத்தான் திறம் எண்டு படுகுது, கோவிக்காதேங்கோ.

வானம்பாத்தபூமி:

இவ்வளவு பேர் பேசினீங்க, ஒருத்தர் கூட "நம்பி"ய தொடல. நான் படிச்சது எட்டாங்கிளாஸ், தப்பா இருந்தா விடுங்க.

எங்க ஊர்ல மழைய நம்பி விதைக்கிறோம். மழை வரும்னு தெரிஞ்சா விதைக்கிறோம்? வராம போன வருஷம்தான் ஜாஸ்தி, மானாவாரி கடலைக்கு வேற என்ன வழி. அங்க நம்புறதுன்னா வரும்னு நெனைக்கிறது இல்ல, வீட்டுல இருக்கிற விதைய எடுத்து மண்ணுல கொட்டுறது. கொட்டுனப்புறம் திருப்பி அள்ள முடியாது. மனசுக்குள்ள எனக்கு மழை மேல துளி நம்பிக்கை இல்லாமலே மழைய நம்பி விதைச்ச வருஷம் உண்டு.

அதே மாதிரி "என்னை நம்பி நாலு பேர் இருக்காங்க"ன்னு சொல்றோம். அந்த நாலு பேருக்கும் என் மேல நம்பிக்கை இருக்குன்னா அர்த்தம்? என் பொண்டாட்டிக்கு என் பேச்சுல ஒரு வார்த்தை நம்பிக்கை கிடையாது, ஆனா என்னை நம்பித்தான் இருக்கா. மண்குதிரைய நம்பி ஆத்துல எறங்குனவன் கதையும் அதுதான். கரையில நின்னு "இது நல்ல குதிரை"ன்னு ஆயிரம் தடவ சொல்லியிருந்தா அவன் முழுகியிருக்க மாட்டான், மேல ஏறி உக்காந்தான் பாருங்க, அதனால முழுகினான்.

பாளை அண்ணன் "நாளைக்கு மழை வரும்னு நம்புறேன்"னு லேசான அர்த்தத்துக்கு உதாரணம் சொன்னாரு. அது டவுன்ல மழைய வேடிக்கை பாக்குறவங்க நம்புறது அண்ணே. எங்க ஊருக்கு வந்து அதே வார்த்தைய சொல்லிப் பாருங்க, கனம் இருக்கா இல்லையான்னு தெரியும்.

பாளை_வேதக்கோயில்:

@வானம்பாத்தபூமி அண்ணே, எட்டாங்கிளாஸ்னு சொல்லிட்டு என் பேச்ச மடக்கிட்டீங்க. எங்க ஐயர் ஒரு மாசமா "ஒப்புக்குடுக்கிறது"ன்னு பிரசங்கம் பண்ணினத நீங்க ஒரு விதைக்கடலையில சொல்லிட்டீங்க. வர்ற ஞாயித்துக்கிழமை எனக்கு பிரேயர் மீட்டிங்ல பேச முறை, இத எடுத்துக்கவா? உங்க பேரு போட்டுத்தான் சொல்லுவேன், அதாவது இந்த "வானம்பாத்தபூமி"ன்னு.

வாத்தியார் ஐயாவுக்கும் சேத்து சொல்றேன், நம்பிக்கையில கனம் இல்லன்னு சொன்னத வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா என் பைபிள்ல மாத்த மாட்டேன், 50 வருஷமா விசுவாசம்னு படிச்ச நாக்கு.

அப்புறம் கருஞ்சட்டை தம்பி "வெளியில இருந்து வந்த கேள்வி"ன்னு சொன்னதுக்கு ஒண்ணு. எங்க பக்கம் பழைய ஆளுங்க சர்ச்சுக்கு போறவங்கள "வேதக்காரங்க"ன்னுதான் சொல்லுவாங்க, சர்ச் வேதக்கோயில், மதம் மாறினா "வேதத்துல சேந்துட்டாங்க". என் ஐடி பேரே அதுதான். அங்க ஃபெயித்துன்னா மனசுல இருக்கிறது இல்ல, எந்தக் கூட்டத்தோட போய் உக்காருறோம்ங்கிறதுதான். நீங்க சொன்ன "கும்பிடுவீங்களா" மாதிரியேதான்.

மஞ்சப்பை:

எல்லாம் சரி, கார்டு என்ன ஆச்சு? இன்னிக்கு வியாழன்.

நாஞ்சில்_டிடிபி:

அத ஏன் கேக்குறீங்க.

முதல்ல ரெண்டு வீட்டுக்கும் பொதுவா இருக்கட்டும்னு நானே ஒரு யோசனை சொன்னேன், சண்டை வர்ற பாதிய விட்டுட்டு கடைசி துண்ட மட்டும் போடலாம், அன்புல யாருக்கும் தகராறு இல்லையேன்னு. பாத்தா அங்கயும் ஒருத்தருக்கு "அன்பே பெரியது", இன்னொருத்தருக்கு "அன்பே தலைசிறந்தது". சரி வேற வசனம் பாக்கலாம், கடவுள் அன்பா இருக்கார்னு ஒண்ணு வருமாமே, அத போடலாம்னா ஒரு பைபிள்ல "தேவன்", இன்னொண்ணுல "கடவுள்". வசன நம்பர் மட்டும் போடலாமான்னு கேட்டேன், "இது என்ன லாட்டரி சீட்டா"ன்னு மாப்பிள்ளையோட சித்தப்பா கோவிச்சுக்கிட்டாரு.

அப்புறம்தான் அந்தோணியார் அண்ணன் சொன்ன பாட்டி ஐடியா ஞாபகம் வந்து பொண்ணோட அப்பாகிட்ட சொன்னேன். அவர் அம்மா இருக்காங்களாம், 80 தாண்டிருச்சு, காது சரியா கேக்காது, ஆனா செபமாலை மட்டும் விடல. போய் உக்காந்து கேட்டிருக்காரு. விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம்னு அப்படியே சொல்லியிருக்காங்க. மனுஷன் ராத்திரி பத்து மணிக்கு எனக்கு போன் பண்ணி, எங்க அம்மா வாயில வர்ற வார்த்தைக்கு போய் சண்டை போட்டுட்டேன், மாப்பிள்ளை வீட்டுக்காரங்க திருத்தினபடியே போட்டுருங்க தம்பின்னாரு. எனக்கு நிம்மதியா மூச்சு வந்துச்சு (வாத்தியார் ஐயா கவனிக்க).

இன்னிக்கு காலையில கடை தொறக்கும்போதே அந்த சிவப்பு பேனா பெரியவர் வாசல்ல நிக்கிறாரு. பொண்ணு வீட்டுக்காரங்க மனசு நோகக் கூடாது, அவங்க முதல்ல எழுதிக் குடுத்தபடியே நம்பிக்கை, எதிர்நோக்குன்னே இருக்கட்டும், நான் அவசரப்பட்டுட்டேன்னு சொல்லிட்டு, என்கிட்ட ப்ரூஃப வாங்கி அவர் அடிச்சத அவரே திரும்ப அடிச்சு, பக்கத்துல கையெழுத்தும் போட்டுட்டு போயிட்டாரு. ரெண்டு பேருக்கும் போன் போட்டு "உங்களுக்காக அவங்க விட்டுக்குடுத்துட்டாங்க"ன்னு சொல்லிப் பாத்தேன். இப்ப ரெண்டு பேரும் "இல்ல இல்ல அவங்க சொன்னதையே போடுங்க"ன்னு அடம் பிடிக்கிறாங்க.

பிளேட் போட்டாகணும். நான் இப்ப எத அடிக்கிறது?

கறுப்புக்கோட்டு:

அட்வான்ஸ் யாரு குடுத்தாங்க?

நாஞ்சில்_டிடிபி:

ரெண்டு பேரும் பாதிப் பாதி.

மஞ்சப்பை:

நான் முதல்லயே சொன்னேன், ஆளுக்கு 250.

வானம்பாத்தபூமி:

மாப்பிள்ளை வீட்டுக்கு போற 250ல பொண்ணு வீட்டு வசனம், பொண்ணு வீட்டுக்கு போற 250ல மாப்பிள்ளை வீட்டு வசனம். கட்டு மாறிப் போகாம பாத்துக்கங்க தம்பி.

நாஞ்சில்_டிடிபி:

மெஷின்ல பேப்பர் ஏத்திட்டேன். எக்ஸ்ட்ரா பிளேட் காச யாருகிட்ட கேக்குறதுன்னுதான் தெரியல.